எண்பத்தேழாவது கண்ணி

"மறுபடியும் நின்னுபோச்சும்மா" என்றாள் செனாம், போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு.

"எது, கரண்டா?"

"இல்ல, புரதம்."

அந்தப் பக்கம் கானாவின் ஹோ நகரச் சந்தை இரைச்சல் கேட்டது. அம்மா கொஞ்சம் யோசித்தாள். "காராமணியில இருக்கு புரதம், கருவாட்டுல இருக்கு புரதம். அதைக் கம்ப்யூட்டருக்குள்ள போய் ஏண்டி தேடுற?"

குமாசி பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்த நாளாக இந்தக் கேள்விக்குச் செனாம் பதில் தேடிக்கொண்டுதான் இருந்தாள்.

மலேரியா கிருமியின் செல்லுக்குள் ரைபோசோம் என்று ஒரு குட்டித் தறி இருக்கிறது. மரபுச் செய்தியைப் படித்துப் படித்து, அமினோ அமிலங்களைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் புரதச் சங்கிலி ஆக்குவது அதன் வேலை. அந்தத் தறியை அணு அணுவாகக் கணினிக்குள் கட்டி ஓடவிட்டிருந்தாள் செனாம். ஓடவும் செய்தது. ஆனால் எண்பத்தேழாவது கண்ணி வந்ததும், ஆள் நிரம்பும்வரை கிளம்பாத ட்ரோட்ரோ வேன் போல அசையாமல் நின்றுவிடும்.

அவளுடைய ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் அசாரே கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "வெள்ளிக்கிழமை கருத்தரங்கு. அமைச்சகத்துலருந்து ஆள் வர்றாங்க. எல்லாம் தயார்தானே?"

"சார், சின்னதா ஒரு சிக்கல்..."

"சின்னதுன்னா நீயே சரிபண்ணிடு. பெருசுன்னா வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சொல்லு."

தலை மறைந்தது.

சங்கிலி வெளியே வரும் சுரங்கம் குறுகலாக இருக்கிறதோ என்று அதைக் கொஞ்சம் அகலப்படுத்தினாள். எண்பத்தேழு தாண்டியது! ஆனால் மடிய வேண்டிய சங்கிலி மடியாமல் சிக்கலும் பிக்கலுமாக வந்து விழுந்தது.

"என்னம்மா இது, தலைவாராத பொண்ணு மாதிரி?" என்றார் அசாரே, திரும்பவும் தலையை நீட்டி.

அணுக்களின் துள்ளலை அடக்க, கணினிக்குள் சூட்டைக் குறைத்தாள். மொத்தமும் உறைந்தது. கூட்டினாள். ரைபோசோமின் இரண்டு பாதிகளும் விவாகரத்து வாங்கிய தம்பதியைப் போல ஆளுக்கொரு திசையில் மிதந்து போயின. பழைய கணக்குக்கே திரும்பலாம் என்று நினைத்தபோது, அம்மா கேட்டது மாதிரியே கரண்டும் போனது.

காற்று வாங்கத் தாழ்வாரத்துக்கு வந்தாள். எதிர் ஆய்வகத்திலிருந்து நார்டேயும் வெளியே வந்தான். அவள் கணினியில் செய்கிற அதே புரதத்தை, கிருமியைப் பிழிந்த சாற்றை வைத்துக் குடுவையில் நிஜமாகவே செய்கிறவன். "உன்னோடது சினிமா, என்னோடது சமையல்" என்று ஒருமுறை கேலி செய்தான். அன்றிலிருந்து அவனிடம் தன் கஷ்டத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை.

"உன் சினிமா எப்படிப் போகுது?" என்றான்.

"பிரமாதம். உன் சமையல்?"

"அமோகம்."

இருவரும் அவசரமாகச் சிரித்துவிட்டு அவரவர் கதவுக்குள் புகுந்துகொண்டார்கள்.

வியாழக்கிழமை மதியம், புளித்த மக்காச்சோள மாவில் செய்த கென்கே உருண்டையும் பொரித்த மீனும் தொடாமல் ஆறிக்கொண்டிருக்க, செனாம் கணினி நிரலில் ஒரே ஒரு வரி எழுதினாள். எண்பத்தேழாவது கண்ணி வரும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு கை சங்கிலியைப் பின்னாலிருந்து தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான். சங்கிலி ஆற்று நீர் போல ஓடியது. அழகாக மடிந்தது.

இந்தத் தொழிலில் தள்ளிவிடுவது பாவமில்லை. தள்ளினேன் என்று சொல்லாமல் விடுவதுதான் பாவம். அதனால் கருத்தரங்கில் திரையில் காட்டும் பக்கங்களோடு அதையும் ஒரு பக்கத்தில் எழுதிச் சேர்த்து அசாரேயிடம் அனுப்பினாள். அவர், "எழுத்து ஜாஸ்தி, யாரும் படிக்கமாட்டாங்க" என்று, தாமும் படிக்காமல் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார். அவளும் 'சரி சார்' என்று தலையாட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. திரையில் சங்கிலி வழுக்கிக்கொண்டு வந்தது. கைதட்டல் அடங்கியதும் அமைச்சகத்துப் பெண்மணி எழுந்தார்.

"ரொம்ப அழகு. இதைப் பார்த்து மலேரியாவுக்கு மருந்து செய்யலாமா?"

"தாராளமா!" என்றார் அசாரே.

மருந்து என்றதும் செனாம் திரையைத் திரும்பிப் பார்த்தாள். இல்லாத ஓட்டத்தை நம்பி யாரோ மருந்து செய்வார்கள். அதை யாரோ ஒரு தாய், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கொடுப்பாள்.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. நார்டே. அவன் முகம் வெளிறியிருந்தது.

"ஒரு சந்தேகம். எண்பத்தேழாவது கண்ணி... அங்க ஒண்ணுமே ஆகலையா?"

கண்டுபிடித்துவிட்டான்! நாலு பேர் முன்னால் சமையல்காரன் சினிமாக்காரியின் மானத்தை வாங்கப்போகிறான். 'ஆகலை' என்று ஒரு வார்த்தை சொன்னால் முனைவர் பட்டம் கைக்கு வந்துவிடும். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. அங்கேயே நின்றது.

"ஆகுது" என்றாள். "அங்க நின்னுடுது. ஒவ்வொரு தடவையும். என்னென்னவோ செஞ்சு பார்த்தேன், முடியல. கடைசியில நான்தான் தள்ளிவிட்டேன். இப்ப நீங்க பார்த்தது தள்ளிவிட்ட படம்."

அசாரே கண்ணாடியைக் கழற்றி, துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தார். அமைச்சகத்துப் பெண்மணி யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார். செனாம் திரையை அணைக்கப் போனாள்.

நார்டே இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"அடிப்பாவி, முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? எங்க குடுவையில நிஜச் சங்கிலியே ரெண்டு வருஷமா அதே எண்பத்தேழுலதான் நிக்குது. உன்னோடது பிரமாதமா ஓடுதுன்னு நீ சொன்னதை நம்பி, நான்தான் சமையலைக் கெடுத்துட்டேன்னு நெனச்சு யார்கிட்டயும் மூச்சு விடல!"