அக்கா இல்லாத குரூப்

மேசைமேல் கிடந்த கமலத்தின் போனை ஜெயசீலி தொடவில்லை. திரை தானாகத்தான் ஒளிர்ந்தது. ‘அக்கா இல்லாம’ என்று ஒரு வாட்ஸப் குரூப். அதில் ஒரே வரி: ‘இன்னிக்கு யார் முறை?’

நசரத்பேட்டையில் அந்தத் தையல் கூடத்துக்கு ஜெயசீலிதான் முதலாளி. ஆறு பெண்கள், ஏழு மிஷின். ஒரு நர்சிங் கல்லூரிக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இப்போது கையிலிருக்கும் அறுபது கோட்டும் நல்லபடியாகப் போனால் அடுத்த வருட ஆர்டரும் கிடைத்துவிடும்.

காலரை மட்டும் ஜெயசீலியே தைப்பாள். வேறு யாரையும் நம்பிக் கொடுப்பதில்லை. ஐந்து மணிக்குச் சாவியைக் கமலத்திடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவாள்.

"இன்னாடி முறை?"

"யாரு டீ போடறதுன்னுக்கா."

"நான் இல்லாம குடிக்கிற டீயா?"

கமலம் ஊசியில் நூல் கோத்தாள்.

மறுநாள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளி வந்தது. எல்லாப் போனும் அதற்குள் போயின. பேச்சு நின்றது. அந்த அமைதி ஜெயசீலிக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. கூட்டுச் சேரக் கூடாது என்று இடத்தை மாற்றினாள். பட்டன் தைத்தவள் கோட்டுக்குக் கைத்துணி வெட்டினாள். கைத்துணி வெட்டியவள் பட்டனைத் தேடினாள். இருபது கோட்டு முடியும் நாளில் எட்டு முடிந்தது.

கடைசியில் ஐந்து மணிக்குத் தானே பூட்டத் தொடங்கினாள்.

"இந்த லோடு போறவரைக்கும் ஒரு மணி நேரம் நிக்கிறோமேக்கா," என்றாள் கமலம்.

"இன்னாத்துக்கு? என்னைப் பத்திப் பேசவா?"

"உன் நல்லதுக்குத்தான்."

"அத்த நான் பாத்துக்கிறேன். கெளம்புங்க."

போன அறுபதும் நான்காம் நாள் லோடு ஆட்டோவில் திரும்பி வந்தன. கூடவே ஒரு கடிதம். அடுத்த வருட ஆர்டர் வேறு யாருக்கோ.

ஜெயசீலி மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"வேணும்னே கெடுத்துக்கீறீங்க. கமலம், நாளைலேர்ந்து நீ வராத."

கமலம் வாளியிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மற்ற ஐந்து பேரும் ரேஷன் கடையில் நிற்பதுபோல வரிசையாக வந்து, அவரவர் போனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

ஏழு மிஷினும் ஜெயசீலியும்தான் மிச்சம். இரண்டு வருடமாக மாலை ஆறு மணிக்கு மேல் வந்து இங்கே லோடு எடுக்கும் ஆட்டோக்காரர் தேவராஜ் கடைசி மூட்டையை இறக்கிவைத்தார்.

"பாத்தியாண்ணே, கூடவே இருந்து கவுத்துட்டாளுங்க. தெனம் நான் போனப்புறம் இங்க உக்காந்து இன்னாதான் பண்ணாளுங்களோ."

தேவராஜ் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உனுக்குத் தெரியாதாம்மா? நீ தைச்ச காலரையெல்லாம் பிரிச்சு, நேரா தைச்சுகினு இருந்தாங்கோ."