ராஜகுமாரிக்கு நான் கொடுத்த மாமன் மகன்

ஒரு வீட்டில் இங்கிலீஷ் படித்த மருமகள் இருந்தால், அவள் அந்தத் தெருவுக்கே பொதுக்கிணறு. யார் வேண்டுமானாலும் வந்து வாளியை இறக்கலாம். உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

விழுப்புரத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். தேறினேன் என்பது உண்மை. எப்படித் தேறினேன் என்பது எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். தெருவில் யாருக்குத் தந்தி வந்தாலும் என்னிடம்தான் வரும். மருந்துப் புட்டிகளும் அப்படியே. ஒரு வேளைக்கு இரண்டு கரண்டியா, இரண்டு வேளைக்கு ஒரு கரண்டியா என்று படித்துச் சொல்லி அனுப்பிவிட்டு, அன்று முழுக்க அந்த வீட்டுப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருப்பேன். (இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தொட்டிலைத் தட்டிச் சொல்கிறேன்.)

இந்தக் கீர்த்திதான் என்னைக் கவிழ்த்தது.

என் நாத்தனார் கஸ்தூரிக்குத் திண்டிவனத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டி வைத்திருக்கும் குடும்பம். ஒரே பையன். அதற்கு முன் வந்த இடங்களெல்லாம் ஜாதகத்திலோ நகையிலோ தட்டிப்போயிருந்ததால், இந்த இடத்தை எங்கள் வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுமந்தோம். பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தாம்பூலம் மாற்றிக்கொள்வதென்று முடிவாயிற்று. எமகண்டம் கழிந்த பிறகுதான் நல்ல நேரம். ஆனால் பையனின் அம்மாவும் அப்பாவும் காலை வண்டிக்கே வந்து இறங்கிவிட்டார்கள்.

இங்கேதான் சங்கடம். தாம்பூலம் மாற்றுமுன் பெண் வீட்டில் அவர்கள் கை நனைக்க மாட்டார்கள். காபியோடு சரி. உள்ளே வடைக்கு அரைத்தாகிவிட்டது, பாயசம் கொதிக்கிறது, அந்த வாசனையில் இரண்டு பேரைப் பட்டினியாக உட்கார வைத்துக்கொண்டு மத்தியானம் வரை என்ன பேசுவது? மாமனார், பையனின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ரயில்வே கூட்ஸ் ஷெட்டைக் காட்டக் கிளம்பிவிட்டார். (அங்கேதான் என் கணவருக்கு வேலை.) பையனின் அம்மாவை என்ன செய்வது?

"பயாஸ்கோப்புக்கு இட்டுக்கினு போயேன்," என்றார் என் கணவர். "ராஜகுமாரி படம் போட்டிருக்கான். நோட்டீசு பார்த்தேன். காதலா, கடமையான்னு."

"நல்ல படமாங்க?"

"கிரீடம் வச்சிக்கினு ஒரு பொண்ணு. ராஜா ராணி கதை. அதுல இன்னா கெட்டது இருக்கப் போவுது?"

அந்த நோட்டீசின் மறுபக்கத்தையும் அவர் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. பத்து மாதக் குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு, பால் புட்டி, மாற்றுத்துணி, கிரைப் வாட்டர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கம்பளிக் குல்லா (சித்திரை மாதத்தில்!) எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு, மண்டிக்காரம்மாவுடன் குதிரை வண்டியில் ஏறினேன்.

வண்டியிலேயே அந்த அம்மாள் விசாரணையை ஆரம்பித்தார்.

"ஏம்மா, உங்க நாத்தனா சினிமாவுக்கெல்லாம் போவுமா?"

"எப்பனா ஒருதரம்தாங்க. அதுவும் சாமி படம்."

"அதான் கேட்டேன். கண்ட படத்தப் பார்த்துட்டு வர்ற பொண்ணு எனக்கு வாணாம். எங்க தெருவுல ஒருத்தி அப்படித்தான் வந்து மாமியாள பேஜாரு பண்ணிக்கினு கெடக்கறா."

நான் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு, ராஜகுமாரி அடக்கமானவளாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

கொட்டகை வாசலில் இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டேன். தட்டியில் இருந்த ராஜகுமாரி வெள்ளைக்காரி. அப்போதுதான் ஞாபகம் வந்தது: ரயில்வே குடியிருப்பில் இருக்கும் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர்களுக்காக ஞாயிறு காலையில் மட்டும் இங்கிலீஷ் படம் போடுவார்கள். திரும்பிவிடலாமா? சுபகாரியத்துக்கு வந்தவரைப் பாதி வழியில் திருப்பி அழைத்துப் போனால் சகுனம் என்ன ஆவது? திரும்பாவிட்டால் உள்ளே என்ன காட்டுவார்களோ? நான் வாசலிலேயே இப்படியும் அப்படியும் யோசித்துக்கொண்டிருக்க, மண்டிக்காரம்மா விறுவிறுவென்று பெண்கள் பக்கத்துக்குள் போய் பெஞ்சில் இடம் பிடித்துவிட்டார்.

"இங்கிலீசு படமாமே! பரவால்ல. நீதான் படிச்சவளாச்சே, சொல்லு."

அக்கம்பக்கத்துப் பெஞ்சிலிருந்த நாலைந்து பெண்களும் நகர்ந்து வந்தார்கள். கிணற்றில் வாளிகள் இறங்கின.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடம் எடுத்த டீச்சர் ஒவ்வொரு வார்த்தையையும் மூன்று முறை சொல்வார். படத்தில் இருந்தவர்கள் ஒரு முறைகூட முழுதாகச் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தவை யெஸ், நோ, தேங்க் யூ. நல்ல வேளை, ராஜகுமாரி முதலில் கொஞ்ச நேரத்துக்குத் தேங்க் யூ மட்டுமே சொன்னாள். பெரிய மனிதர்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். அவள் நின்றபடியே எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கால் நோவாதா? உக்காரச் சொல்றதுதானே," என்றார் மண்டிக்காரம்மா.

"அது அவங்க கடமைங்க. பெரியவங்க சொன்னா தட்டமாட்டாங்க."

"நல்ல பொண்ணு," என்று அவர் தலையாட்டினார். எனக்குப் போன உயிர் வந்தது.

வந்த உயிர் உடனே திரும்பிப் போயிற்று. அந்த நல்ல பொண்ணு ராத்திரி ஒருத்தருக்கும் தெரியாமல் அரண்மனையிலிருந்து வெளியே ஓடினாள்.

"எங்க போவுது அது? இந்நேரத்துல?"

"கோயிலுக்குங்க."

கோயிலுக்குப் போனவள் தெருவோரம் படுத்துத் தூங்கிவிட்டாள். ஒரு வாட்டசாட்டமான ஆள் வந்தான். எழுப்பிப் பார்த்தான், எழவில்லை. தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கதவு சாத்தப்பட்டது. மண்டிக்காரம்மா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கஸ்தூரியின் தாம்பூலத் தட்டு ஆடிக்கொண்டிருந்தது.

"யாரும்மா அவன்?"

அவன் யாரோ பத்திரிகைக்காரன் என்பது வரைக்கும் எனக்கே தெரிந்திருந்தது. அதைச் சொன்னால் என்ன ஆகும்? ‘முன்பின் தெரியாத ஆம்பள ரூமுல தூங்கற பொண்ணு கதைக்கா என்ன இட்டுக்கினு வந்தே?’ என்பார். அப்போது, நான் யோசிக்காமலே, என் வாய் சொன்னது:

"மாமன் மகன்."

"ஓ!" என்று பெஞ்சு முழுவதும் மூச்சு விட்டது.

"கூடப் பொறந்த மாமனா?"

"ஆமாங்க. அம்மாவோட சொந்த அண்ணன் மவன்."

"அப்ப முறை மாப்பிள்ளை. அதைச் சொல்லேன் மொதல்ல! நான் பதறிப் பூட்டேன்."

ஒரு பொய்க்குக் காவலாக எத்தனை பொய் வேண்டியிருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அவன் டெலிபோனில் தன் முதலாளியோடு பேசினான். அவரை அவன் அப்பாவாக்கினேன். "உங்க தங்கச்சி மவ வந்திருக்குன்னு அப்பாகிட்ட சொல்றாருங்க." தாடி வைத்துக்கொண்டு போட்டோ பிடிக்க வந்த கூட்டாளியைச் சித்தப்பா பையனாக்கினேன். ராஜகுமாரி கடைக்குப் போய்த் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டபோது பின் பெஞ்சுக்காரி, "அடப் பாவமே, இன்னாத்துக்கு?" என்று அலறினாள். வேண்டுதல் என்றேன். ஸ்கூட்டரில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு போனபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முறைதானே!

அந்த ஊரில் ஒரு அந்நியர் பாக்கியில்லாமல் எல்லோரையும் நான் உறவாக்கிவிட்டிருந்தேன். ஆனால் முத்தக் காட்சி வரப்போகிறது என்று எனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். குழந்தை அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு போகிற சாக்கில் மண்டிக்காரம்மாவையும் எழுப்பிவிடலாம். தொடையில் லேசாகக் கிள்ளினேன். பல் முளைக்கிற குழந்தை, வீட்டில் காக்கை கத்தினால்கூட அழுகிற குழந்தை, என்னைப் பார்த்துச் சிரித்தது. கிள்ளினோமே என்று எனக்குத்தான் அழுகை வந்தது. குனிந்து அதன் தொடையைத் தடவிக்கொண்டிருந்தபோது காட்சி முடிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் மண்டிக்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எம்மாம் பிரியம் பாரு," என்றார்.

பயத்தில் அதுவரை படத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. இனி என்ன ஆகும் என்ற ஆவல் எனக்கும் வந்துவிட்டது. ராஜகுமாரி அவனிடம் என்னமோ மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது போல அரண்மனைக்குள் போனாள். என்ன சொன்னாள்? ஏன் போனாள்? பிடித்து இழுத்தவர் யாரும் இல்லையே, அவளாகத்தானே போனாள்? நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாம்மா, கட்டிக்க மாட்டாளா அவன?"

"இல்லீங்க. கடமை..."

"வேற எடத்துல குடுக்கறாங்களா?"

"அப்படித்தாங்க போல."

"வசதியான எடமோ?"

யோசிக்காமல், "பின்ன, ராஜ வம்சமாச்சே," என்று சொல்லித் தொலைத்தேன்.

கடைசியில் பெரிய மண்டபத்தில் ராஜகுமாரி எல்லோருக்கும் மறுபடி கை கொடுத்துவிட்டுப் போனாள். அவன் மட்டும் தனியாக நின்றான். பிறகு தனியாக நடந்தான். "முறைமாப்பிள்ளைய நடுத்தெருவுல வுட்டுட்டாளே, பாவி," என்று பின் பெஞ்சுக்காரி மூக்கைச் சிந்தினாள்.

திரும்பும்போது வண்டியில்தான் மண்டிக்காரம்மா பேசினார். எனக்குச் சொன்ன மாதிரியும் இல்லை, குதிரைக்குச் சொன்ன மாதிரியும் இல்லை.

"அனந்தபுரத்துல எங்க அண்ணன் மவ இருக்குது. பொறந்தப்பவே எம் புள்ளைக்குன்னு சொல்லி வச்சது. அண்ணன் நொடிச்சிப் பூட்டாரு. அதுக்கப்பறம்தான் நாங்க வெளிய எடம் பார்க்க ஆரம்பிச்சோம். போன மாசம் திருவிழாவுல அது என்னப் பார்த்துச்சி. ‘நல்லா இருக்கீங்களா அத்தை’ன்னு கேட்டுது. அவ்ளோதான் கேட்டுது."

எனக்குச் சித்திரை வெயிலில் குளிரெடுத்தது. அந்தக் கம்பளிக் குல்லா எனக்கு வேண்டியிருந்தது.

"அம்மா, அவரு மாமன் மகனே இல்லீங்க!" என்று கத்தினேன். "நான் பொய் சொன்னேன். அவரு யாரோ பத்திரிகைக்காரரு. அந்தப் பொண்ணுக்கு முன்னப் பின்னத் தெரியாதவரு!"

அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"உங்க நாத்தனாவுக்காக இப்படிச் சொல்ற. தெரியுது. யாரோ எவனோன்னா அந்தப் பொண்ணு அவ்ளோ அழுவாளா? படிச்சவ நீ, பொய் பேசக் கத்துக்காத."

எமகண்டம் கழிந்தது. கூடத்தில் பாய் விரித்து, தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பூ எல்லாம் தயார். கஸ்தூரி பச்சைப் புடவையில் உள்ளறையில் நின்றாள். மண்டிக்காரம்மா உட்காரவே இல்லை. நின்றபடியே கும்பிட்டார்.

"மன்னிச்சிக்கங்க. பொண்ணுமேல ஒரு குத்தமும் இல்ல. எங்களுக்கு முறைப்பொண்ணு இருக்குது. அந்தப் பாவம் எங்களுக்கு வாணாம். உங்க மருமவதான் எனக்குக் கண்ணத் தெறந்துவுட்டுது."

அவர் கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. என் மாமனாருக்கும் புரியவில்லை. ஆனால் கடைசி வாக்கியம் மட்டும் எல்லோருக்கும் நன்றாகப் புரிந்தது. கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின.

அவர்கள் போன பிறகு மாமியார் கேட்டார்: "அப்படி இன்னா படத்தைடி காட்டினே?"

"ராஜா ராணி படம்தான் அத்தை..."

என் கணவர் சுவரில் இல்லாத பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கஸ்தூரி பொழுது சாயும்வரை என்னோடு பேசவில்லை. நான் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி மூலையில் உட்கார்ந்து, பத்திரிகைக்காரன் என்றே சொல்லியிருக்கலாமோ, அப்பா என்று சொல்லியிருந்தால், மாமா என்று சொல்லியிருந்தால் என்று ஒவ்வொரு உறவாக மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கஸ்தூரியே வந்து உட்கார்ந்தாள். கையில் ஆறிப்போன வடைத் தட்டு.

"அண்ணி, எனக்கு அந்தக் கதையச் சொல்லுங்க. நெசக் கதைய."

எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். வடையைத் தின்றபடி கேட்டாள்.

"அவ்ளோ பிரியமா இருந்துட்டு ஏன் அண்ணி போனா?"

"தெரியலியே, கஸ்தூரி."

"கடைசியா இன்னா சொன்னா அவன்கிட்ட?"

"அதுவும் தெரியல. ரொம்ப மெதுவாச் சொன்னா."

கஸ்தூரி வடைத் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "இதுக்கா எஸ்.எஸ்.எல்.சி. படிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்த பிறகுதான் நான் அழுதேன்.

மண்டி வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களை நேரில் வந்து அழைத்தார்கள். எனக்குத் தனியாக ஒரு சேலை. பந்தலில் மண்டிக்காரம்மா என்னை ஒவ்வொருவரிடமும் கூட்டிக்கொண்டு போய், "இதுதான் எனக்குப் படம் சொன்ன பொண்ணு," என்றார். அனந்தபுரத்து மணப்பெண் என் காலில் விழப் பார்த்தாள். கஸ்தூரிக்கு மறு தையிலேயே திருவெண்ணெய்நல்லூரில் அமைந்தது. அந்தச் சம்பந்தம் பேசி முடிகிறவரை மாமியார் என்னைச் சமையலறையை விட்டு வெளியே விடவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் எந்த அந்நிய ஆண் வந்து நின்றாலும், தபால்காரராக இருந்தாலும், தயிர்க்காரராக இருந்தாலும், உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "மருமவளே, உங்க மாமன் மகன் வந்திருக்காரு பாரு!"

சென்ற மாதம் அதே படத்தை மறுபடியும் போட்டிருந்தார்கள். என் கணவரை நச்சரித்து அழைத்துப் போனேன். அவள் கடைசியில் என்ன சொல்கிறாள் என்று இந்தத் தடவையாவது கேட்டுவிட வேண்டும். (இந்தத் தடவையாவது போகாமல் இருந்துவிடுவாளோ என்ற நப்பாசையும் கொஞ்சம் உண்டு.) முதல் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, இரண்டாவதை மடியில் வைத்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் குடும்பத்தோடு சேர்ந்து உட்காரப் பின்னால் நாற்காலி வகுப்பு இருக்கிறது. தெருவில் அந்த ஆள் வந்தான், எழுப்பினான், அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான், கதவு சாத்தப்பட்டது. எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு வயதான அம்மாள் கவலையோடு என் தோளைத் தொட்டார்.

"ஏம்மா, யாரும்மா அவன்?"

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடத்தான் இருந்தேன். அதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து, வீட்டில் அதிகம் பேசாத என் கணவர் நிதானமாகச் சொன்னார்:

"மாமன் மகன்தாங்க."

"அதானே பார்த்தேன்," என்று அந்த அம்மாள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.