சித்தப்பா பட்டறையில் ஒரு மேகசின்

பட்டியல் போடுகிறவர்கள் புத்திசாலிகள் என்று பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. இருபத்தொன்பது வயது வரை நானும் அதை நம்பினேன். உண்மையில் எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு திறமைதான்: தப்பு செய்தாலும் வரிசை எண் போட்டுச் செய்வோம்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், மனுகா பகுதியில் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுவேன். சனிக்கிழமைகளில் பிஸ்டல் கிளப். (ஆமாம், நிஜத் துப்பாக்கிதான். இல்லை, பயமாக இல்லை. அடுத்த கேள்வி?) அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு விதி உண்டு. விதி இருக்கிற இடத்தில்தான் எனக்கு நிம்மதி.

இந்த ஊரில் பிஸ்டல் லைசென்ஸ் லேசில் கிடைக்காது. நம்மை நன்றாகத் தெரிந்தவரிடம் போலீஸ் நம் குணத்தை விசாரிப்பார்கள். பக்கத்துப் பகுதியான பாபடோயிட்டோயில் உள்ள எங்கள் வீட்டில் எனக்கு அப்படி வாய்த்தவள் அம்மா. வந்த அதிகாரிக்குக் காபி கொடுத்து, "மை டாட்டர் வெரி குட் கேர்ள், ஒன்லி மேரேஜ் பெண்டிங்" என்று சொல்லி அனுப்பினாள். எப்படியோ லைசென்ஸ் வந்தது. ஆனால் ஒரு விதியை மீறினாலும் அது போய்விடும். போனால் பிஸ்டல், கிளப், சனிக்கிழமை எல்லாமே போகும்.

நான் வாங்கியது ராணுவம் கழித்துவிட்ட பழைய பிஸ்டல். அதைத் தயாரித்த நாடே இப்போது வரைபடத்தில் இல்லை. (வாரண்டி கேட்க ஆளில்லை.) குண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் தகட்டு டப்பாதான் மேகசின். என் பிஸ்டலுடன் வந்தது ஒன்றே ஒன்று. அதன் ஸ்பிரிங்கோ எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. கிளப்பில் வருஷத்துக்கு ஒரு முறை பழைய ராணுவப் பிஸ்டல்களுக்கு மட்டும் ஒரு போட்டி நடக்கும். அதில் கலந்துகொள்ள நல்ல மேகசின் குறைந்தது இரண்டு வேண்டும்.

தேடினேன். "எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்த முதல் மேகசின் உள்ளே போனது, வெளியே வரவில்லை. கிளப்பில் இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். இரண்டாவது சுலபமாகப் போய், அதைவிடச் சுலபமாகக் கழன்று, சுடும்போதெல்லாம் என் கால் கட்டைவிரலில் விழுந்தது. மூன்றாவது பார்க்க அச்சு அசல். ஆனால் பூட்டு மாட்டும் பள்ளம் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. விற்றவரைக் கேட்டால், "அது வேற ஃபேக்டரி, வேற வருஷம்" என்று கொட்டாவி விட்டார். நான்காவதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

பிறகுதான் ஒருவர் விளக்கினார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு மேகசினையும் அதனதன் பிஸ்டலுக்கு அரத்தால் ராவிப் பொருத்தினார்களாம். ஆக, என் பிஸ்டலுக்குப் பொருந்தும் மேகசின் உலகத்திலேயே ஒன்றுதான். அதுவும் என்னிடம்தான் இருக்கிறது, படுத்த படுக்கையாக.

விடுவேனா? பழைய மேகசினை வெர்னியர் அளவுகோல் வைத்து இருபத்து மூன்று இடங்களில் அளந்தேன். அளவுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலாக்கினேன். இனி எவர் விற்க வந்தாலும் இதைக் காட்டிக் கேட்கலாம் என்பது திட்டம். மேலே "பிஸ்டல் மேகசின்" என்று தலைப்பு, என் பெயர், "ஏழாம் பதிப்பு" என்ற குறிப்பு. (ஆமாம், பதிப்பு எண்ணும் போடுவேன்.)

அந்த நேரம் பார்த்துக் கோயமுத்தூரிலிருந்து சித்தி வருவதாக இருந்தது. ஊரிலிருந்து ஒருவர் கிளம்பினால் அவருடைய பெட்டி அவருடையது அல்ல என்பது நமக்குத் தெரிந்ததுதானே. பருப்புப் பொடி, நைட்டி, அம்மாவின் மூக்குக்கண்ணாடி என்று சித்தி கொண்டு வர வேண்டியவற்றையும் அதே ஃபைலில் இரண்டாம் பக்கமாகச் சேர்த்தேன். ஒரே இடத்தில் இருந்தால் தொலையாது அல்லவா!

ஆக்லாந்து விமான நிலையத்தில் சொல்லாமல் ஒரு ஆப்பிளைக் கொண்டு வந்தாலும் அபராதம். அதனால் சித்திக்கு ஃபோனில் வகுப்பே எடுத்தேன்.

"சித்தி, ஏர்போர்ட்ல நிரப்பச் சொல்ற கார்டுல எதக் கேட்டாலும், சந்தேகமா இருந்தா 'ஆமா'ன்னு டிக் பண்ணிடுங்க. எதையும் மறைக்கக் கூடாது."

"நானெதுக்குக் கண்ணு மறைக்கறேன்? திருடிட்டா வாறேன்?"

இதற்கிடையில் அம்மா அந்த ஃபைலை முழுசாகச் சித்தப்பாவுக்கு அனுப்பி, "இதுல இருக்கறது அத்தனையும் வேணுமாம்" என்று எழுதியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. சித்தப்பா பம்ப் மோட்டார் பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். இரண்டாம் பக்கத்துக்குச் சித்தியைக் கடைவீதிக்கு அனுப்பிவிட்டு, முதல் பக்கத்தோடு தானே பட்டறைக்குப் போயிருக்கிறார்.

சித்தி வந்த விமானத்து ஆட்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். சித்தியைக் காணோம். முக்கால் மணி நேரம் கழித்து ஃபோன் வந்தது. ஒரு பெண் அதிகாரி மிக மரியாதையாகப் பேசினார்.

"உங்கள் சித்தி துப்பாக்கிப் பாகம் கொண்டு வந்திருப்பதாக டிக்ளேர் செய்திருக்கிறார். நீங்கள் கேட்டதாகவும் சொல்கிறார். பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது. ஏழாம் பதிப்பு."

முன் அனுமதி இல்லாமல் பிஸ்டலின் பாகம் எதையும் இந்த நாட்டுக்குள் கொண்டு வரக் கூடாது. கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த விதியை ஒப்பிப்பதே நான்தான். என் லைசென்ஸ் என் கண்முன்னே ரெக்கை கட்டிப் பறந்தது.

என்னையும் உள்ளே அழைத்தார்கள். ஓர் அறையில் சித்தி நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எதையும் மறைக்காதவளின் கம்பீரம். மேஜையின் ஒரு பக்கம் ஃபோன் செய்த பெண் அதிகாரி. மறுபக்கம் உணவுப் பொருள்களைச் சோதிக்கும் கையுறை அதிகாரி. நடுவில் பழைய காலண்டர் தாளில் ஒரு பொட்டலம். பிரித்தார்கள். தகதகவென்று ஒரு பித்தளை மேகசின், சந்தனம் பூசி, குங்குமம் வைத்து. கூடவே வாடிய செவ்வந்திப் பூவும் ஒரு எலுமிச்சம்பழமும். பட்டறையில் புதிதாக எதைச் செய்தாலும் சித்தப்பா பூஜை போடாமல் வெளியே அனுப்ப மாட்டார்.

"இந்தச் சிவப்பு என்ன?" என்றார் பெண் அதிகாரி.

"ப்ரேயர்," என்றாள் சித்தி. "ஃபார் சேஃப்டி."

கையுறைக்காரருக்குத் துப்பாக்கியைப் பற்றி அக்கறையே இல்லை. எலுமிச்சம்பழத்தை மட்டும் வெடிகுண்டைத் தூக்குவது போலத் தூக்கினார். "இதை டிக்ளேர் செய்யவில்லையே?"

"ஐயையோ! இந்த மனுசன் இத எப்ப வெச்சாரு? நெசமாலுமே எனக்குத் தெரியாது கண்ணு. சொல்லு அவருகிட்ட!"

நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அதற்குள் பெண் அதிகாரி மேகசினைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். நெற்றி சுருங்கியது.

"இதில் குண்டு எந்த வழியாகப் போகும்?"

வாங்கிப் பார்த்தேன். செங்கல் போல் கனத்தது. மேலே வழியில்லை, கீழே வழியில்லை. அதிகாரியின் அனுமதியோடு ஸ்பீக்கரில் சித்தப்பாவை அழைத்தேன்.

"சித்தப்பா, இதுக்குள்ள காலியாவே இல்லயே?"

"காலியா? நீ எழுதலயே அம்மிணி. இருபத்து மூணு அளவு குடுத்திருந்த. இருபத்து மூணும் பக்காவா இருக்கும், வெச்சுப் பாரு. உள்ள ஓட்டைன்னு ஒரு எடத்துலயும் இல்ல. நானும் ரெண்டு வாட்டி தேடிப் பாத்தேன். மிலிட்டரி சாமான், கெட்டியாத்தான் இருக்குமாட்டன்னு முழுப் பித்தளையில போட்டுட்டேன்."

ஊரார் அளவுக்கருவி நூறில் ஒரு பங்கு பிசகினாலும் சிவப்புச் சீட்டு ஒட்டுகிற நான், ஒரு டப்பாவுக்கு இருபத்து மூன்று அளவு எடுத்து, அது டப்பா என்பதை எழுத மறந்திருக்கிறேன். இதை அதிகாரிக்கு மொழிபெயர்த்தும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பித்தளையை மேஜையில் இரண்டு முறை தட்டிப் பார்த்தார். கடைசியில் படிவத்தில் "திடமான பித்தளைப் பொருள்" என்று எழுதி, மேலிடத்தில் விசாரித்துச் சொல்வதாக அதை எடுத்து வைத்துக்கொண்டார். எலுமிச்சம்பழத்துக்கு அபராதம் அங்கேயே போட்டாகிவிட்டது.

அன்றைக்கே நானே போலீசுக்கும் கிளப்புக்கும் நடந்ததை எழுதி அனுப்பினேன். அடுத்த மூன்று வாரம் தபால்பெட்டியை நாளுக்கு நான்கு முறை திறந்து பார்த்தேன். "ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இத்தன பயமா?" என்று சித்தி அலுத்துக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை கேஸ் எலுமிச்சம்பழத்தின் மேல்தான்.

கடைசியில் போலீஸ் அதிகாரி ஒருவர் ஃபோன் செய்தார். குண்டு நுழையவே முடியாத ஒன்றைத் துப்பாக்கிப் பாகமாகக் கருத முடியாதாம். லைசென்ஸுக்கு ஆபத்தில்லை. "ஆனால் இனிமேல் உறவினர்களுக்கு அனுப்பும் பட்டியலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். சிரிப்பை அடக்கியது நன்றாகவே கேட்டது.

பித்தளையும் திரும்பி வந்தது. ஒரு சந்தேகத்தில் பிஸ்டலில் செருகிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போய் "க்ளிக்" என்று உட்கார்ந்தது. பூட்டை அழுத்தினேன், அழகாகக் கையில் விழுந்தது. நான்கு நிஜ மேகசின்கள் செய்யாததை, குண்டே ஏற்காத ஒரு பித்தளைக் கட்டி செய்தது. அந்த வருஷப் போட்டியில் நான் ஓரமாக நின்று மற்றவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்தேன்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் வாய் திறந்து எதையும் கேட்க முடிவதில்லை. மெதுவடை கேட்டால், "நடுவுல ஓட்டைன்னு எழுதிக் குடுத்தியா?" என்கிறாள் அம்மா. போன மாசம் கோயமுத்தூர் தையல்காரருக்குச் சுடிதார் டாப்ஸ் அளவுகள் அனுப்பினேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பாவிடமிருந்து வந்தது: "ஓட்டை எத்தனைன்னு டெய்லர் கேக்கறாரு அம்மிணி."

இந்த முறை விடக்கூடாது என்று உடனே பதில் போட்டேன்: "கழுத்துக்கு ஒன்று, கைகளுக்கு இரண்டு. மொத்தம் மூன்று."

ஒரே நிமிஷத்தில் சித்தப்பா எழுதினார்: "சரி. அப்பறம் நீ எந்த வழியா உள்ள போவ?"