பூனைக்கு முன்னால் ஒரு செடி

விவசாயி மகன் கையில் எந்தச் செடியையும் நம்பிக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மீனாட்சிபுரத்தில் அறுபது தென்னைக்கும் நாலு கறவை மாட்டுக்கும் சொந்தக்காரரின் ஒரே மகன் நான். உள்ளங்கையில் அடங்கும் ஒரு செடியை என்னால் மூன்று வாரம் காப்பாற்ற முடியவில்லை.

கல்யாணமான புதிதில் எனக்குப் பூனைக்குட்டி ஆசை வந்து ஆட்டியது. (பால் சங்கத்து எழுத்தருக்கு வேறென்ன ஆசை வரும்?) ஏலப்பாறை எஸ்டேட்டில் வளர்ந்த என் மனைவி மலர் ஒரு பரீட்சை வைத்தாள்.

"நான் ஊருக்குப் போயிட்டு வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஒரு செடிய உசுரோட வச்சுக் காட்டுங்க. பூனையப் பெறகு பாப்போம்."

அன்று முழுக்க செல்போனும் கையுமாகத் தேடினேன். வரப்போகும் பூனை கடித்தாலும் பூனைக்கு ஒன்றும் ஆகாத செடியாக இருக்க வேண்டும் அல்லவா? கிடைத்துவிட்டது: ஹாவொர்த்தியா. குட்டிக் கற்றாழை மாதிரி இருக்கும், பச்சை இலையில் வெள்ளை வரி. வீட்டுக்குள்ளேயே வளரும். பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் போதும். வாங்கி வந்து ஜன்னலோரம் வைத்தபோது பூனையே வந்துவிட்டது போலத் துள்ளினேன்.

பத்து நாளைக்கு ஒருமுறை என்பதைத்தான் மனசு ஏற்கவில்லை. பாவம், குழந்தை. காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் ஊற்றினேன். நாலாம் நாள், சத்துக்கு இருக்கட்டும் என்று அப்பாவின் தொழுவத்திலிருந்து சாணிக் கரைசலும் வந்தது. தினமும் படமெடுத்து மலருக்கு அனுப்பினேன். எட்டாம் நாள் அடி இலைகள் கொழகொழத்தன. ஒன்பதாம் நாள் வேலை முடிந்து வந்தால், தொட்டி இருக்கிறது, செடி இல்லை.

பக்கத்து வீட்டு ஆட்டின் வாயைத் திறந்துகூடப் பார்த்தேன். (ஆட்டுக்காரர் இன்றும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.) தினமும் பால் கொண்டுவரும் அப்பாவிடம் கேட்டிருக்கலாம். அறுபது தென்னையை வளர்த்தவரிடம், கையளவு செடியைத் தொலைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? நர்சரியிலோ அடுத்த மாதம்தான் வரும் என்றார்கள். பழைய படங்களையே மாற்றி மாற்றி மலருக்கு அனுப்பினேன்.

"செடி அப்படியே நிக்கிதே," என்றாள் போனில்.

"சந்தோசமா இருந்தா அப்படித்தானுங்க இருக்கும்," என்றேன். பயம் வந்தால் மனைவியிடமும் 'ங்க' ஒட்டிக்கொள்ளும்.

அவள் வரும் நாள் காலையில் வேலியோரம் கிடந்த சோற்றுக்கற்றாழைக் கன்று ஒன்றைப் பிடுங்கித் தொட்டியில் நட்டேன். ஆபீஸ் ஒயிட்னரால் வெள்ளை வரிகளும் போட்டேன். தூரத்திலிருந்து பார்க்க அசலாகவே இருந்தது.

மலர் உள்ளே வந்ததும் கையிலிருந்த கூடையைத் திறந்தாள். அதிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பூனைக்குட்டி இறங்கியது.

"உங்க போட்டோவெல்லாம் பாத்து மனசு எளகிருச்சு. பரீட்சையில நீங்க பாஸ்," என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைப்பதற்குள் குட்டி ஜன்னலில் ஏறி இலையை நக்கத் தொடங்கியது. சோற்றுக்கற்றாழை பூனைக்கு ஆகாது என்று அதே செல்போனில் படித்தவன் நான்.

"ஐயோ, கடிச்சுராத, அது வெசம்," என்று பாய்ந்து பிடித்தேன். குட்டியின் மூக்கில் வெள்ளைக் கோடு. மலர் அதன் வாயைக் கழுவித் துடைத்தாள். நல்லவேளை, குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவள் நிதானமாக ஒரு இலையை நகத்தால் சுரண்டினாள். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பால் சொம்போடு வந்த அப்பாவின் காதிலும் அது விழுந்தது.

"அந்தக் குட்டிக் கத்தாழையா? சாணித்தண்ணில அழுகிட்டுக் கெடந்துச்சு அம்மணி. கத்தாழையப் போயி ஊட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு. புதுசாக் கண்ணாலமான ஊடு, கண்ணு படாம இருக்கட்டும்னு நாந்தான் வாசல்ல கட்டி உட்டேன்."

மூவரும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தோம். எலுமிச்சைக்கும் மிளகாய்க்கும் நடுவில், வேர் மேலும் தலை கீழுமாக, என் ஹாவொர்த்தியா கெட்டியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து மெல்லிய பூந்தண்டு ஒன்று வளைந்து வானத்தைப் பார்த்து எழுந்திருந்தது. பன்னிரண்டு நாளாக அதன் அடியில்தான் போய்வந்திருக்கிறேன்.

மலர் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பூனை எங்களோடு தங்கிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவள் ஊருக்குப் போனால், பூனைக்குப் பக்கத்தில் அன்றைய செய்தித்தாள் இருக்கும் படத்தை மட்டும்தான் நம்புவாள்.

இப்போது எங்களுக்கு ஒரு மகள். போன வாரம் அவளை என்னிடம் விட்டுவிட்டு மலர் பொள்ளாச்சி போனாள். அரை மணியில் போன் வந்தது.

"பாப்பா போட்டோ அனுப்புங்க. பேப்பரோட."

நான் செய்தித்தாளைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"நானும் இங்கதான் இருக்கறேன்னு சொல்லுடா. இன்னைக்கு எதையும் கட்டி உடலீன்னும் சேத்திச் சொல்லு."