ஜன்னலுக்குக் கீழே முளைத்த கீரை

உங்கள் வீட்டுக்காரர் ஊருக்குச் சொல்லும் புத்தியை வீட்டிலும் கேட்பாரா? எங்கள் வீட்டுக்காரர் பெயின்டர். வாயைத் திறந்தால் புத்திமதிதான். எல்லாம் வெளி வேலைக்கு மட்டும்.

வீடு பழசு. ஜன்னல்களில் அவர் பிறப்பதற்கு முன்னால் யாரோ அடித்த பச்சைப் பெயின்ட். போன கோடையில் அதைச் சுரண்டினார். தூளெல்லாம் கீழே மண்ணில் விழுந்தது. அதே மண்ணில் இப்போது கீரை போட்டிருக்கிறார். கீரை மளமளவென்று வளர்ந்துவிட்டது. அவர் தலைக்கனமும் கூடவே.

"நாளைக்கு நம்ம குட்டிக்கு இந்தக் கீரையைத்தான் மசிச்சுக் குடுக்கிறோம்."

குட்டிக்கு இப்போதுதான் இரண்டு பல். கொடுத்ததை முழுங்கும், கேள்வி கேட்காது. அதனால் நான் கேட்டேன்.

"ஏங்க, பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அது பெயின்ட். இது கீரை."

"அந்தத் தூள் மண்ணுலதானே விழுந்துச்சு?"

"மருந்தே அடிக்காத கீரைடி! கழுவிட்டா போச்சு. பெயின்டர் நீயா, நானா?"

இதற்கு மேல் பொண்டாட்டி பேசி எடுபடாது. வாடிக்கைக்காரர் பேசினால் எடுபடும். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவிடம் ஓடினேன். அக்கா வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டால் குரல் வேறு ஆள் குரல். கடை போனில் எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"பெயின்டர் சார், பழைய ஜன்னலைச் சுரண்டின இடத்துல கீரை போட்டிருக்கு. குழந்தைக்குக் குடுக்கலாமா?"

"ஐயோ, குடுத்துடாதீங்கம்மா!"

போனில் ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து நேராகவே கேட்டது.

"கழுவினா போயிடாதா சார்?"

"மேல ஒட்டின தூசிதான் போகும். வேர் வழியா ஏறின ஈயம் வேக வெச்சாலும் போகாது. சின்னப் பிள்ளைங்க மூளையைப் பாதிக்கும்மா, வெளியில தெரியவே தெரியாது. யாரு அந்த அறிவுகெட்ட ஆளு, அங்க போய்க் கீரை போட்டது?"

"பக்கத்து வீட்டுக்காரர் சார்."

"அவர் பேச்சைக் கேட்காதீங்க. மண்ணை நனைச்சு, மாஸ்க் போட்டு அள்ளி, மூட்டை கட்டணும். தொட்டியில புது மண்ணு போட்டு வளக்கணும். நானே வந்து செஞ்சு தரேன். அட்ரஸ் சொல்லுங்க."

அக்கா சொன்னார். எங்கள் அட்ரஸ்.

பின்பக்கத்தில் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவர் மாஸ்க்கும் மண்வெட்டியுமாகக் கீரைப் பாத்திக்குப் போய்விட்டிருந்தார். மூட்டைகள் கட்டி முடித்தபின் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குட்டியைத் தூக்கக் கை நீட்டினார்.

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"பெயின்டர் சார், கை கால் கழுவி, சட்டையை மாத்திட்டு வந்து பிள்ளையைத் தூக்குங்க."