காடு வளர்த்த கடிகாரக்காரர்

எதிர்வீட்டு ஓவியனை இனி வாசற்படி ஏறவிடுவதில்லை என்று கடிகாரக்காரர் முடிவு கட்டியபோது, அவன் வரைந்த மலை இன்னும் காயவில்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவர் அவரேதான். கடிகாரம் ரிப்பேர் செய்த நேரம் போகப் பின்னறையில் பொம்மை ரயில் ஓட்டினார். தண்டவாளம், சுரங்கம், ஸ்டேஷன் எல்லாம் அவர் கைவேலை. ரயிலுக்குப் பின்னால் நிறுத்தும் பலகையில் வானம் மட்டும் வரவில்லை. அவர் தீட்டிய வானம் கொடியில் காயும் போர்வை மாதிரி இருந்தது. அதனால் கடைகளுக்குப் போர்டு எழுதும் எதிர்வீட்டுக்காரனைக் கூப்பிட்டார். அவன் ஒரே நாளில் மூன்று வரிசை மலையை எழுப்பி, மிச்சப் பெயின்ட்டையும் பிரஷ்ஷையும் அங்கேயே வைத்துவிட்டுப் போனான்.

“மலைன்னா இது மலை” என்றாள் மனைவி. பதினோரு வருஷத்தில் அவருடைய எந்த எஞ்சினுக்கும் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் உதிர்ந்ததில்லை. அவருக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து பார்த்தால், மலையடிவாரத்தில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு பெண். பச்சைப் புடவை. அன்று மனைவி கட்டியிருந்ததும் பச்சைதான். தான் இல்லாத நேரத்தில் அந்தப் பயல் வந்திருக்கிறான்! மனைவியைக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். பிரஷ்ஷை எடுத்துப் பெண்ணின் மேல் ஒரு மரத்தை நட்டார்.

அடுத்த நாள் அவள் மஞ்சள் புடவையில் பாலத்தின் மேல் நின்றாள். அவளைப் புதர் வைத்து மறைத்தார்.

பிறகு உஷாரானார். தினமும் கடைக்குக் கிளம்பும் முன் மனைவியை உச்சி முதல் பாதம் வரை பார்த்து மனதில் குறித்துக்கொண்டார். இன்றைக்கு ஊதா, கரையில் சின்னப் பூ. சாயங்காலம் பலகையிலும் அதே ஊதா. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பூவும் இருந்தது. பாவி, இவ்வளவு கிட்ட நின்றா பார்க்கிறான்? அன்று ஒரு தோப்பே வைத்தார். ஆறாம் நாள் மலையும் இல்லை, வானமும் இல்லை. ரயில் நடுக்காட்டில் ஓடியது.

ஏழாம் நாள் கடையைத் திறக்காமல், சண்டைக்குத் தயாராக எதிர்வீட்டு வாசலில் நின்றார். தெருமுனையிலிருந்து ஓவியன் பெட்டியும் கையுமாக வந்தான்.

“என்னண்ணே, மலை எப்படி இருக்கு? வரைஞ்ச மறுநாள் விடியக்காலையில வெளியூர் போனவன், இப்பத்தான் பஸ்ஸை விட்டு இறங்கறேன்.”

நிமிர்த்திய மார்பை என்ன செய்வதென்று தெரியவில்லை. நல்லா இருக்கு தம்பி என்று முணுமுணுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

பின்னறையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். புடவை சிவப்பு. கையிலிருந்த பிரஷ்ஷின் நுனியும் சிவப்பு.

“நீயா?”

“வேற யாரு வருவா? இந்த ரயில் வந்ததுலேர்ந்து நான் கட்டறது புடவையா சாக்கான்னு பார்த்திருக்கீங்களா? இந்த ஒரு வாரமாத்தான் கரையில இருக்கற பூவைக்கூட எண்ணிட்டுப் போறீங்க.”

வெட்கமும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. மரம் இருந்தால் குளிர்ச்சியாக இருக்குமே என்றுதான் வரைந்ததாக இழுத்தார். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஒரு சின்னக் கத்தியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“ஆறு பேரு காட்டுக்குள்ள நிக்கறோம். சுரண்டி வெளிய கூட்டிட்டு வாங்க. ஒரு கொசுவம் கலைஞ்சாலும் சரி பண்ண எதிர்வீட்டுக்காரரைத்தான் கூப்பிடணும்.”