காக்காப்பூவுக்கு உரிமம்

காக்காப்பூ மாமிசம் தின்னும் என்ற உண்மை, ஓணத்துக்குப் பத்து நாள் இருக்கையில், கருவாம்பாறைப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குக் காலை பதினொன்றே கால் மணிக்குத் தெரியவந்தது. ஈரமண்ணில் புதைந்த கடுகளவுப் பைகளால் அந்த நீலப்பூச்செடி கொசுப்புழுக்களை உறிஞ்சிச் செரித்துவிடுகிறது என்று ஒரு பேராசிரியர் கருத்தரங்கில் சொன்னாராம். பன்னிரண்டு மணிக்குச் சுற்றறிக்கை வந்துவிட்டது. ஒரு சாலைக்குழியை மூட ஒன்பது வருடம் எடுத்துக்கொண்ட அலுவலகம் அது.

பூக்களப் போட்டியில், அதாவது ஓணப் பூக்கோலப் போட்டியில், இனிச் சைவப் பூக்களுக்கு மட்டுமே அனுமதி. காக்காப்பூ பூக்கும் பாறைமேடு, உரிமமின்றி இயங்கும் கசாப்புக்கூடம் ஆகையால், ஒரு வாரத்தில் இடித்து நிரவப்படும்.

மேட்டடியில் குடியிருக்கும் ஜானகிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பூக்களம் கிடக்கட்டும். பாறைமேடு குடித்துவைக்கும் மழைதான் அவள் கிணற்றுக்கு ஊற்று. நேரே செயலாளர் பவித்ரனிடம் போனாள்.

“ஸாரே, ஓணத்தன்னிக்குக் கோழி வேகாத வீடு நம்ம ஊர்ல உண்டா? பூ மட்டும் சைவமா இருக்கணுமா?”

“ஜானகி சேச்சி, நாம திங்கற கோழி உரிமம் உள்ள கடையில வெட்டினது.”

“இது கொசுப்புழுவைத்தானே தின்னுது?”

“கொசுவுக்கு உயிர் இல்லையா?”

“போன மாசம் நீங்கதானே ஊர் பூரா புகை அடிச்சீங்க?”

“அது ஆணைப்படி கொன்னது.”

“அப்ப பூவுக்கும் ஒரு ஆணை குடுங்க!”

பவித்ரன் முகம் மலர்ந்தது. “இதை முதல்லயே சொல்லக்கூடாதா? மனு எழுதுங்க.”

மனு மறுநாளே திரும்பியது. விண்ணப்பதாரரான பூ கையெழுத்திடவில்லையாம்.

நாற்பது வருடம் கொடி பிடித்துத் தோள் காய்த்த கோரன் களத்தில் இறங்கினான். “காக்காப்பூவுக்கு உரிமம் கொடு!” என்று ஊரே அலுவலக வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தது. நான்காம் நாள், பூவின் காப்பாளர் என்ற முறையில் ஜானகி கையெழுத்திடலாம் என்று மேலிடம் பெருந்தன்மையுடன் இசைந்தது. உரிமம் வந்தது. வெடி வெடித்தார்கள். ஜானகிக்கு மாலை போட்டு ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். உரிமத்தின் பின்பக்கத்தை ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை, ஜானகி உட்பட.

கசாப்புக்கூடத்தின் தரை ஈரம் தங்காத சிமெண்டுத் தரையாக இருத்தல் வேண்டும் என்று அங்கே அச்சாகியிருந்தது.

ஐந்தாம் நாள் கலவை வண்டிகள் வந்தன. ஜானகி கோரனிடம் ஓடினாள்.

“கோரேட்டா, நாம கேட்டது இதையா?”

“கோரிக்கை முழுசா நிறைவேறிடுச்சு சேச்சி” என்றான் அவன், வண்டிகளைப் பார்க்காமல். “ஜெயிச்ச போராட்டத்தை எதிர்த்து எப்படிப் போராடறது?”

கோடையில் ஜானகியின் வாளி வறண்ட கிணற்றின் அடித்தரையில் ணங்கென்று மோதியது.

அடுத்த ஓணத்துக்குப் போட்டி அந்தச் சிமெண்டுத் தரையிலேயே நடந்தது. காக்காப்பூவுக்குப் பதிலாக நீலச் சாயம் பூசிய கல்லுப்பு. மேடையில் உரிமம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. பவித்ரன் ‘இயற்கையைக் காத்த அலுவலகம்’ பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கொசுக்கள் மொய்த்தன. முன்வரிசையில் கோரன் பட்டென்று ஒன்றை அடித்தான். பின்வரிசையில் பட், பட். நிமிடத்தில் கூட்டம் முழுதும் படபடத்தது. பவித்ரன் கண்கலங்கி, கும்பிட்டு, பேச்சை இன்னும் நீட்டினார்.

உரைக்குக் கிடைத்த இடைவிடாத கரவொலி கூட்டக் குறிப்பேட்டில் முறைப்படி பதிவாகியிருக்கிறது. அதில் ஜானகி அடித்ததும் இருக்கிறது.